தவளை வண்டிக்குப் பிறகு

அத்தியாயம் பதினொன்று

புறவழிச்சாலையில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பெரியவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பிடும்போது அதே பேச்சு, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதும் அதே பேச்சு. வாசலில் எத்தனை வண்டி நிறுத்தலாம், பட்டறையை எந்தப் பக்கம் போடலாம் என்று துண்டைத் தோளில் போட்டபடியே கைகளால் காற்றில் வரைந்து காட்டினார். பத்து வருஷக் குத்தகை. இடத்தைக் கை காட்டியதே கார் கம்பெனிதான். இன்று மதியம் கம்பெனியின் மண்டல மேலாளர் தாள்களோடு வருகிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் தவளை ஷோரூம் இடம் மாறிவிடும்.

தவளை என்பது அந்த வண்டியின் நிஜப் பெயரில்லை. முன்னால் இரண்டு உருண்டை விளக்குகள் முழித்துக்கொண்டு நிற்கும். உப்பிய கன்னம் மாதிரி இரண்டு பக்கமும் மட்கார்டு. தாத்தா காலத்து வண்டி ஒன்றின் சாயலில், உள்ளே புது இன்ஜினை வைத்து, கம்பெனி செய்து விட்ட கார். முதல் வண்டி ஷோரூமில் இறங்கிய அன்றே யாரோ தவளை என்றார்கள், ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் தவளை வேண்டுமென்றால் பெரியவரிடம்தான் வர வேண்டும்.

பெரியவரின் மனைவிக்கு ஷோரூமில் பெயர் 'அண்ணி'. உண்மையில் அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவன் ஒரே ஒரு கொழுந்தன், சின்னவன். அவன் கூப்பிட்டது பட்டறைக்குப் போய், அங்கிருந்து மேசைகளுக்கு வந்து, இப்போது வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அவள் அண்ணிதான். ஐம்பதைத் தொட்ட பல் டாக்டரம்மா ஒருத்தர் போன வாரம் போனில் "அண்ணி, என் வண்டி எப்ப வரும்?" என்று கேட்டபோது அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படம் போனில் வந்து விழுந்தது.

தவளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் வந்தது. ஏதோ பாலத்தின் நிழலில் ஒரு கார் நிற்கிறது. உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோணல்மாணல் கட்டம் போட்ட உறை. வெளிவராத வண்டியைச் சோதனை ஓட்டம் விடும்போது உருவம் தெரியாமலிருக்க அப்படித்தான் ஒட்டுவார்கள். முன்விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒடுங்கிய இரண்டு கீற்று. படத்துக்குக் கீழே எவனோ எழுதியிருந்தான்: 'தவளையை முழுங்க வந்த பாம்பு இதுதானா?'

அண்ணி வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

கண்ணாடி இறக்கியிருந்தது. ஓட்டுபவரின் முகத்தைத் தொப்பி மறைத்திருந்தது. ஒரு கை மட்டும் கதவுக்கு வெளியே சோர்ந்து தொங்கியது. விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். நான்கு விரல்கள் நேராக இருந்தன. சுண்டுவிரல் மட்டும் கொக்கி மாதிரி உள்பக்கம் வளைந்திருந்தது.

அந்த விரலை வளைத்தவளே அவள்தான். முதல் தவளை வந்து இறங்கிய அன்று, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன பெண், ஆசையில் கதவை ஓங்கிச் சாத்தினாள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சின்னவன் கதவிடுக்கில் கை வைத்தபடி மறுபக்கம் நின்றிருந்தான். கத்தவில்லை. "அண்ணி, கதவைத் திறங்க" என்று மெதுவாகச் சொன்னான். எலும்பு கூடியது, விரல் நிமிரவில்லை.

சின்னவன் இப்போது அதே கம்பெனியில் சோதனை ஓட்டுநர். 'என்ன ஓட்டுற?' என்று எப்போது கேட்டாலும் "பிரேக் சோதனை அண்ணி, ஒரே போர்" என்பான். எத்தனை மாதமாக அந்தப் பதில்!

"என்னங்க, இதைப் பாத்தீங்களா?" போனை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் நீட்டியிருக்க வேண்டாமோ என்று பட்டது.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் அவருக்கு யானைகூடத் தெரியாது.

"இதுவா? போர்வை போத்தின எருமை மாதிரி இருக்கு. இதுவா தவளைக்குப் போட்டி?" போனைத் திருப்பிக் கொடுத்தார். "வருஷா வருஷம் யாராவது ஒரு படம் போடுவான். நிறுத்தப் போறாங்க, நிறுத்தப் போறாங்கன்னு. நிறுத்தறவன் எதுக்கு நமக்குப் பெரிய கட்டடம் காட்டறான்? சொல்லு பாப்போம்."

அண்ணி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

பல் டாக்டரம்மாவின் வண்டி அன்றுதான் கொடுக்க வேண்டும். வெளிர்பச்சை. ஷோரூம் நடுவில் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். அண்ணி துணியை இழுத்தாள். டாக்டரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்கப்பா கல்யாணத்தன்னிக்கு இப்படி ஒரு வண்டியிலதான் போனாராம் அண்ணி. இதே பச்சை."

"அப்படியா!" என்றாள் அண்ணி, கண்களை விரித்து.

இந்த 'அப்படியா'வை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! தவளை வாங்க வருகிற எல்லாருக்கும் ஒரு தாத்தா இருந்தார், ஒரு மாமா இருந்தார், சின்ன வயதில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே போன ஒரு நீண்ட பயணம் இருந்தது. ஒவ்வொருவரும் அதை முதல் தடவையாகச் சொல்கிற பூரிப்போடு சொல்வார்கள். அவளும் முதல் தடவையாகக் கேட்பது போல ஆச்சரியப்பட வேண்டும். வண்டியோடு இலவசமாகக் கொடுப்பது அந்த ஆச்சரியம்தான். ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் வருவார்கள். மழைக்குக் கூரை ஒழுகும், பளபளப்புப் பட்டை உரிந்துவிட்டிருக்கும், சாமான் வர மூன்று மாதமாகும். அப்போது தாத்தாவை மறந்துவிட்டு அவள்மேல் பாய்வார்கள்.

"நிறுத்தப் போறாங்களாமே அண்ணி?" டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "அதான் போனா வராதுன்னு அவசரமா வாங்கிட்டேன்."

"அப்படி முடிவு எதுவும் எடுக்கலைங்க." இதுவும் கம்பெனி சொல்லிக்கொடுத்த வாசகம். யார் கேட்டாலும் இதற்கு மேலும் கீழும் பேசக் கூடாது.

டாக்டரம்மா புறப்பட்டுப் போனதும் பெரியவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "பாத்தியா? இந்த மாசம் எத்தனை வண்டி! செத்துப்போற சரக்குக்கா இந்தக் கூட்டம்?"

செத்துப்போகிறது என்று கேள்விப்பட்டுத்தான் கூட்டம் என்பது அவருக்கு ஏன் உறைக்கவில்லை? அண்ணிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட ஒரு பலம் வேண்டியிருக்கிறதே.

அவள் பின்பக்கம் போய்ச் சின்னவனைப் போனில் கூப்பிட்டாள். "ஏன்டா, இன்னிக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"வண்டி டயர்ல காத்து கம்மியா இருக்கு அண்ணி. பட்டறைக்கு வரேன்."

வைத்துவிட்டான்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை காலியாக இருந்தபோது வந்தான். உதிரிப் பாகங்கள் வைக்கும் அறையில் அவள் காத்திருந்தாள். இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி. உருண்டை விளக்குகள் அட்டைப்பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தன. ஆள் நிற்க இடம் போதாது. அவன் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது.

"சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"அந்தக் கை..."

"அண்ணி." கையை உயர்த்தித் தடுத்தான். அதே கை. "நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒண்ணும் கேக்கல. வீட்ல அவகிட்டகூட நான் இதுவரைக்கும் மூச்சு விட்டதில்லை. வாயைத் திறந்தா வேலை போயிடும்னு எழுதி வாங்கியிருக்காங்க."

"சரி, நீ சொல்லல. நான் சொல்றேன், நீ கேளு. நீ ஓட்டுறது தவளைக்குப் பதிலா வரப்போற வண்டி."

அவன் தரையைப் பார்த்தான். "எங்களுக்கு யாரு அண்ணி சொல்றா?" என்றான். "இதை ஓட்டு, இங்க திரும்பு, இதைக் குறிச்சு வை, நிறுத்து. அவ்வளவுதான். பேர்கூட கிடையாது, ஒரு நம்பர்தான். ஆனா..." நிறுத்திக்கொண்டான். "உள்ள ஒரு கொட்டகை இருக்கு. தவளையில ஏதாவது மாத்தினா அங்கதான் நிறுத்தி வச்சுப் பார்ப்போம். அந்தக் கொட்டகையில இப்ப தவளை ஒண்ணுகூட இல்ல. இதுதான் நிக்குது. அதை வச்சு நீங்க என்ன நினைக்கிறீங்களோ நினைச்சுக்குங்க."

அண்ணி அலமாரியில் சாய்ந்துகொண்டாள். ஒரு பெட்டி நகர்ந்து விழப் பார்த்தது. பிடித்து உள்ளே தள்ளினாள்.

அப்போது அவளுக்குள் என்ன நடந்தது என்பதை அவளால் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். இத்தனை வருஷப் பிழைப்பாயிற்றே! ஆனால் வந்தது நிம்மதி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிறோமே, அது மாதிரி. அந்த நிம்மதியைக் கண்டு அவளே பயந்துபோனாள்.

"எப்படிடா இருக்கு, அந்த வண்டி?" என்று கேட்டாள், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

சின்னவன் முகத்தில் முதல் தடவையாகக் களை வந்தது. "நல்ல வண்டி அண்ணி. அதுதான் கஷ்டமே. மட்டமா இருந்தா மனசு ஆறியிருக்கும். சத்தமே கிடையாது. வளைவுல இழுத்த இழுப்புக்குத் திரும்புது. கூரை ஒழுகாது. தவளையை ஒரு நாள் முழுக்க ஓட்டினா முதுகு கழண்டுடும், இதுல அப்படி இல்ல. ஓட்டும்போதெல்லாம் அண்ணன் ஞாபகம் வரும். துரோகம் பண்ற மாதிரி இருக்கும். சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தா அவரு கட்டடத்தைப் பத்தியே பேசுவாரு. நான் தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்."

"அங்க எதுக்கு நிறுத்தின? பாலத்துக்குக் கீழ?"

"குறிச்ச இடத்தைத் தவிர எங்கயும் நிறுத்தக் கூடாதுதான். நேத்து கண்ணு சொருகிடுச்சு. விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா ஒரே வட்டத்தைச் சுத்திக்கிட்டே இருக்கணும். செத்த நேரம் கண்ணை மூடலாம்னு நிறுத்தினேன். எவனோ எடுத்துட்டான்." முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தான். "யாரு ஓட்டினதுன்னு அவங்களுக்குத் தெரியும். தூங்கினதுக்குத் திட்டினா வாங்கிப்பேன். ஆனா அவங்க வேற மாதிரி பாப்பாங்க. இவன் அண்ணன் ஷோரூம் வச்சிருக்கான், வேணும்னே படம் எடுக்க விட்டிருக்கான், விஷயத்தை வீட்ல சொல்லியிருக்கான்னு. இன்னிக்கு மத்தியானம் அண்ணன் கையெழுத்துப் போடலேன்னு வச்சுக்குங்க, அவ்வளவுதான். அதுவே சாட்சி ஆயிடும்."

"போட்டா?"

போட்டால் என்ன என்பது இரண்டு பேருக்குமே தெரியும். நிற்கப்போகிற வண்டியை நம்பிப் பத்து வருஷம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தைச் சுமக்க வேண்டும்.

"புது வண்டியையே நமக்குக் கொடுப்பாங்களோ என்னமோ," என்றாள் அண்ணி.

"கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம். அதை எங்கிட்டக் கேக்காதீங்க அண்ணி. போடுங்கன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல, வேணாம்னு சொல்லவும் வாய் வரல. தெம்பே இல்ல."

"நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு," என்றாள். "டயருக்குக் காத்து அடிச்சிட்டுப் போ. யாராவது பாத்தா நல்லா இருக்கணும்."

சொன்ன நேரத்துக்கு மண்டல மேலாளர் வந்தார். வயது முப்பதுக்கு மேல் இராது. எப்போதும் ஒரு போனில் பேசிக்கொண்டே இன்னொரு போனைத் தடவிக்கொண்டிருப்பார். பெரியவரும் அண்ணியும் தங்களுக்குள் அவரை 'ரெட்டைப் போன்' என்பார்கள். இன்று இரண்டு போனையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதிலேயே அண்ணிக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றிவிட்டது.

காபி வந்தது. தாள்கள் வெளியே வந்தன.

"காலையில ஒரு படம் சுத்துச்சே," என்று பெரியவரே பேச்சை எடுத்தார், சிரித்துக்கொண்டு. "நாங்கள்லாம் பயந்துட்டோம்!"

"ஐயோ, வதந்திங்க சார். தவளையைப் பொறுத்தவரைக்கும் அப்படி முடிவு எதுவும் எடுக்கலை."

அதே வாசகம், எழுத்துப் பிசகாமல். அவருக்கும் அதே தாளைத்தான் கொடுத்திருப்பார்கள் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கும் பாவம், என்ன தெரியப்போகிறது?

பெரியவர் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பெயரை எழுதினார். அவர் கையெழுத்துப் போடும்போது நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். "உன் பேரு இங்க. இங்கயும்."

அண்ணி பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"நான் போடலைங்க."

"என்ன, பேனா எழுதலையா?"

"பேனா எழுதுது. நான்தான் போடல."

பெரியவர் ரெட்டைப் போனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "எதையாவது படிக்கணும்னா படி. அவசரமில்ல."

ரெட்டைப் போன் முன்னால் சாய்ந்தார். குரல் மாறிவிட்டது. "மேடம், ஏதாவது கேள்விப்பட்டீங்களா? யாராவது ஏதாவது சொன்னாங்களா? அந்தப் படத்தைப் பத்தி?"

இதைத்தான் சின்னவன் சொன்னான். கேள்வி நேராக அவன் வீட்டு வாசலுக்கே போகிறது. இப்போது தடுமாறினால் தீர்ந்தது. பொய் சொல்லலாம், ஆனால் அவளுக்குப் பொய் சரளமாக வராது, வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சொல்வதற்கு உண்மை ஒன்றுதான் கையில் இருந்தது. அதை இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

"படமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள். "தவளை இன்னும் நூறு வருஷம் ஓடட்டும். எனக்கு அலுத்துப்போச்சு தம்பி. அவ்வளவுதான்."

பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"காலையில எந்திரிச்சதும், இன்னிக்கு யாரோட தாத்தா கதையைக் கேக்கணுமோன்னுதான் முதல்ல தோணுது. அவங்க சொல்றதுல தப்பில்ல. ஆசையாத்தான் சொல்றாங்க. நானும் அப்படியா, அப்படியான்னு கேக்கறேன். முகம் வலிக்குது. இன்னும் பத்து வருஷம், அதுவும் கண்ணாடி வீட்டுக்குள்ள நின்னு, என்னால 'அப்படியா'ன்னு கேக்க முடியாது."

"நீ... இதை..." பெரியவருக்கு வாக்கியம் முடியவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அந்நிய மனிதர் முன்னால் மனைவி தன்னை உரித்துவிட்டது போல உட்கார்ந்திருந்தார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம். நீங்க கட்டடத்தைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல எங்க சொல்றது?"

ரெட்டைப் போன் தாள்களைச் சேர்த்து ஒழுங்காகத் தட்டினார். அண்ணியின் முகத்தை ஒரு முறை, பெரியவரின் முகத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். கணவன் முகத்தில் இருந்த அடி நிஜமான அடி. அதை யாரும் நடித்துக் காட்ட முடியாது. அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும் என்று அண்ணி நம்பினாள்.

"குடும்ப விஷயம். நீங்க பேசிக்குங்க சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் இதை வச்சிருக்கேன். அதுக்கு மேல வேற ஆளுக்குப் போயிடும்."

வாசலைத் தாண்டிக் காருக்குப் போவதற்குள் அவர் காதில் போன் ஏறிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே உதடு அசைவது தெரிந்தது. என்ன பேசினார் என்று தெரியவில்லை.

மீதிப் பொழுது முழுக்கப் பெரியவர் அவளிடம் பேசவில்லை. பட்டறைக்குப் போனார், வந்தார். காரணமில்லாமல் ஒரு வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். ஆட்கள் அண்ணன் முகத்தையும் அண்ணி முகத்தையும் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு முன்பே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி விளக்குகளைப் போட்டாள். ஷோரூமில் மீதி நின்றது இரண்டு தவளைகள், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். பெரியவர் நீலத்தின் மட்கார்டில் சாய்ந்து நின்றார். ஆட்கள் யாராவது அப்படிச் சாய்ந்தால் கத்துவார்.

"எப்பலேர்ந்து?" என்றார் திடீரென்று.

"எது?"

"அலுப்பு."

அண்ணி யோசித்தாள். இத்தனை வருஷம் கழித்து அவர் கேட்கிறார், சரியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "ஒரு மூணு வருஷம் இருக்கும். ஒருத்தரு கூரை ஒழுகுதுன்னு மூணு தடவை வந்தாரே, வாத்தியாரு. மூணாவது தடவை அவரு திட்டலை. 'பரவால்லம்மா, உள்ள ஒரு துண்டு வச்சுக்கிறேன்'னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இவ்வளவு ஆசையா வாங்கினவங்களுக்கு ஒழுகுற வண்டியை வித்துட்டு நாமும் சிரிச்சுக்கிட்டு நிக்கறோமேன்னு."



"மூணு வருஷம்," என்றார் பெரியவர். "அப்ப எனக்கு முன்னாடியேவா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் போன வருஷம்தான் ஆரம்பிச்சுது." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மட்கார்டைத் தடவினார். "காலையில ஷட்டரைத் தூக்கினா கை கனக்குது. இடத்தை மாத்தினா சரியாயிடும்னு நினைச்சேன். அந்தக் கட்டடத்துக்குப் போனப்ப நீ 'வெளிச்சம் நல்லா இருக்கு'ன்னு சொன்னியே. சரி, இவளுக்குப் பிடிச்சிருக்கு, இவளுக்காகவாவது இன்னொரு ரவுண்டு இழுத்துடலாம்னு பாத்தேன்."

"வெளிச்சம் நல்லா இருக்குன்னா வெளிச்சம் நல்லா இருக்குன்னுதாங்க அர்த்தம்."

"அதுல நான் கட்டடத்தையே கட்டிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ரொம்ப நாளாகத் திறக்காத ஜன்னலைத் திறப்பது போலக் கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் வந்தது. நடு ஷோரூமில் நின்று இரண்டு பேரும், கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சத்தமில்லாமல் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர், "இனிமே என்ன பண்றது?" என்றார். "தெரியல," என்றாள் அவள். அப்படிச் சொல்ல முடிந்ததே ஒரு ஓய்வு மாதிரி இருந்தது.

மேசைமேல் போன் அடித்தது. ஓரகத்தி, சின்னவன் மனைவி. மருந்துக்கடையில் மாலை முறை பார்ப்பவள், இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள்.

"அக்கா, இவரு அங்க இருக்காரா?"

"இல்லையே. மத்தியானமே தூங்கப் போறேன்னு போனானே."

"வீட்டுக்கு வரவே இல்லக்கா. போனும் எடுக்கல. பக்கத்து வீட்டம்மா சொல்லி நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். கம்பெனியிலேர்ந்து ரெண்டு பேரு வந்து கூடத்துல உக்காந்திருக்காங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு மணி நேரமா வாசல்லயே நின்னாங்களாம். அவரோட போனையும் வீட்ல இருக்கற கம்ப்யூட்டரையும் பாக்கணுமாம். என்னக்கா நடக்குது? இவரு என்ன பண்ணாரு?"

ரெட்டைப் போன் வாசலில் யாரோடு பேசினார் என்பது இப்போது அண்ணிக்குத் தெரிந்தது. அவள் சொன்ன உண்மையை அவர் நம்பவில்லை. கையெழுத்துப் போடாத மனைவி ஒருத்தி, படத்தில் ஒரு கை, ஒரே குடும்பம். இந்த மூன்றையும்தான் அவர் கூட்டிப் பார்த்திருக்கிறார். யாரைக் காப்பாற்ற வாயைத் திறந்தாளோ, அவன் வீட்டுக்கே ஆள் அனுப்பி வைத்திருக்கிறாள்.

"எதையும் எடுத்துக் கொடுக்காதே. நாங்க வரோம்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"யாரு? என்னவாம்?" பெரியவர் கிட்டே வந்தார்.

"சின்னவனைக் காணோமாம். கம்பெனி ஆளுங்க அவன் வீட்ல வந்து உக்காந்திருக்காங்க."

"அவன் வீட்ல கம்பெனிக்காரனுக்கு என்ன வேலை? ஏதும் அடிபட்டுடுச்சா?"

"அடிபடல."

"பின்ன எதுக்கு வரான்?" அவர் சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்துவிட்டார். "உனக்குத் தெரியுமா? உன் முகத்தைப் பாத்தா தெரிஞ்ச மாதிரி இருக்கே. அவன் என்ன ஓட்டுறான் அங்க?"

அண்ணி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். வெள்ளை வண்டி மறைந்தது, நீலம் மறைந்தது. வாசலுக்கு வந்து அவர் கையிலிருந்த சாவியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

"போற வழியில சொல்றேன்," என்றாள். "நீங்க ஓட்ட வேணாம். நான் ஓட்டுறேன்."